அரணும் ஆள்வோரும்: கணிப்பொறிக் காவலில் நிறுவனங்கள் தடுமாறுவது ஏன்?

முன்னுரை

அரசின் உறுப்புகளைக் கூறவந்த திருவள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரத்தை வகுத்துள்ளார். நீர், நிலம், மலை, காடு எனும் நால்வகை அரண்களையும், உயரம், அகலம், உறுதி, அணுகற்கு அருமை எனும் இயல்புகளையும் அவர் எடுத்துரைக்கிறார். அவ்வதிகாரத்தில் மூன்று கருத்துகள் இன்றும் ஆழ்ந்து எண்ணத்தக்கன. காக்க வேண்டிய இடம் சிறியதாகவும் உள்ளிடம் அகன்றதாகவும் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. பகைவர் முற்றுகையிட்டும், முற்றுகையின்றி நேரே மோதியும், உள்ளிருப்போரை வஞ்சனையால் வயப்படுத்தியும் அரணைக் கொள்ள முயல்வர் என்பது மற்றொன்று. எத்துணைச் சிறப்புடைய அரணாயினும் செயற்சிறப்பு இல்லாதார் கையில் அஃது இல்லாததற்கு ஒப்பாகும் என்பது மூன்றாவது. இம்மூன்றாவது கருத்தையே வள்ளுவர் அதிகாரத்தின் முடிவாக வைத்தார்.

மதிலும் அகழியும் காத்துவந்த செல்வம் இன்று கணிப்பொறிகளுக்குள் குடிபுகுந்துவிட்டது. மாணவரின் மதிப்பெண்கள், நோயாளியின் மருத்துவக் குறிப்புகள், வங்கிக் கணக்குகள், நூலகப் பட்டியல்கள் யாவும் சர்வர்களிலேயே உள்ளன. அவற்றைக் காக்கப் பொருள் செலவிட்டு, வல்லுநரை அமர்த்தி, சான்றிதழும் பெற்ற நிறுவனங்கள்கூட ஒரே இரவில் நிலைகுலைகின்றன. இதற்குக் காரணம் என்ன? பகைவரின் பேரறிவா? கருவிகளின் குறையா? லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் 2023-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

நூலகத்திற்கு நேர்ந்தது

பிரிட்டிஷ் நூலகம் ஏறத்தாழ 17 கோடி பொருள்களைக் கொண்ட பெருங்களஞ்சியம். தமிழாய்வாளர்க்கு அஃது அயலிடம் அன்று. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தொகுத்த பட்டியல் 1909-இல் அச்சானது. அந்நூல்கள் 1973-இல் பிரிட்டிஷ் நூலகம் தோன்றியபோது அதன் உடைமையாயின. இந்தியா ஆபீஸ் நூலகமும் 1982-இல் அதனுடன் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுநூல்களைத் தேடுவோர் அந்நூலகத்தின் பட்டியலைப் பாராமல் ஆய்வை முடித்தல் அரிது.

2023 அக்டோபர் 28, சனிக்கிழமை காலை, நூலகத்தின் கணிப்பொறிப் பிரிவினர் ஒருவர் வலையமைப்பில் நுழைய முயன்றார், இயலவில்லை. சிறிது நேரத்தில் இணையதளம், நூற்பட்டியல், நூல்களை வேண்டிப் பெறும் முறை அனைத்தும் செயலற்றுப் போயின என்பது தெரிந்தது. ரைசிடா எனும் பெயரில் இயங்கும் கும்பல் உள்ளே புகுந்து, சுமார் 600 ஜிகாபைட் அளவுள்ள கோப்புகளைப் படியெடுத்துச் சென்றிருந்தது. எஞ்சியவற்றைப் பூட்டுக்குறி இட்டு முடக்கியதோடு, மீட்சியைத் தடுக்கவும் தடயத்தை மறைக்கவும் சர்வர்கள் சிலவற்றை அழித்தும் விட்டது. களவாடியவற்றுக்கு அக்கும்பல் இட்ட விலை 20 பிட்காயின். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 6 லட்சம் பவுன். பொதுநிறுவனங்கள் இத்தகைய பிணைப்பணம் கொடுத்தலாகாது என்பது அந்நாட்டுக் கொள்கை. நூலகம் கொடுக்கவில்லை. பணியாளர் முதலியோரின் சொந்த விவரங்கள் அடங்கிய அக்கோப்புகள் நவம்பரில் இணையத்தின் இருட்டுச் சந்தையில் கொட்டப்பட்டன.

அந்நாட்களில் என்னிடம் ஆய்வுத்தலைப்புப் பற்றி உரையாட வந்த மாணவர் ஒருவர், நூல் ஒன்றின் முதற்பதிப்பு ஆண்டை உறுதிசெய்ய இயலாமல் வாரக்கணக்கில் காத்திருந்தார். நூல் லண்டனில் அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தது. அஃது இருக்கிறது என்று சொல்லும் வாய்தான் அடைபட்டிருந்தது. இங்கிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தேடித்தரும் ஈதாஸ் எனும் தளமும் நெடுங்காலம் மூடியே கிடந்தது. யார்க்‌ஷயரில் உள்ள சேமிப்புக் கிடங்கின் நூல்களை வரவழைக்க வழியின்றிப் போயிற்று. 2024 சனவரி 15 அன்று 3 கோடியே 60 லட்சத்திற்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்ட முதன்மைப் பட்டியல், பார்வையிட மட்டும் உரிய வடிவில் மீண்டும் வந்தது. அதுவரை அச்சுப் பட்டியல்களும் பணியாளரின் நினைவாற்றலுமே வாசகர்க்குத் துணைநின்றன.

வெட்சியார் வழி

கணிப்பொறித் தாக்குதல் என்றதும் ஒரு நொடியில் விழும் இடியாகப் பலர் கருதுவர். உண்மையில் அது படிப்படியாக நிகழ்வது. தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் வெட்சியை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். பகைவர் நாட்டின் ஆநிரையைக் கவர்வோர் அயலார் அறியாவண்ணம் செல்வர், ஒற்றர் வாயிலாக நிலைமை அறிவர், ஊரைச் சூழ்வர், அதன் பின்னரே நிரையைக் கவர்ந்து மீள்வர். போர்ப்பறை கேட்கும்போது களவு பெரும்பாலும் முடிந்திருக்கும்.

பிரிட்டிஷ் நூலகம் 2024 மார்ச் 8 அன்று வெளியிட்ட 18 பக்க அறிக்கையும் இதே வரிசையைக் காட்டுகிறது. அயலாரின் நடமாட்டத்திற்கான முதற்சான்று அக்டோபர் 25 இரவு 11.29 மணிக்கு உரியது. ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில், 26 அதிகாலை 1.15-க்கு, பாதுகாப்பு மேலாளருக்கு எச்சரிக்கையும் எட்டியது. ஐயத்திற்குரிய கணக்கு தடுக்கப்பட்டது. பொழுது விடிந்ததும் பதிவுகள் ஆராயப்பட்டன; வெளிப்படையான தீங்கு ஏதும் தென்படவில்லை. கடவுச்சொல் மாற்றப்பட்டுக் கணக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அது பகைவரின் ஒற்றறிதலாக இருந்திருக்கலாம் என்பது பின்னரே புலனாயிற்று. 28 அதிகாலை 1.30-க்கு 440 ஜிகாபைட் தரவு வலையமைப்பை விட்டு வெளியேறியது. காலையில் பணியாளர் கண்டது வெற்றுத் தொழுவத்தையே.

கவர்ந்த முறையும் நோக்கத்தக்கது. நிதி, தொழில்நுட்பம், பணியாளர் நலம் ஆகிய பிரிவுகளின் கோப்புத் தொகுதிகளை அவர்கள் முழுமையாக அள்ளினர். பின்னர்க் கடவுச்சீட்டு, மறைபொருள் என்பன போன்ற சொற்களைத் தேடி, அச்சொல் வரும் கோப்புகளைப் பொறுக்கினர். மேலும், நூலகத்தின் சொந்த மென்கருவிகளையே கைக்கொண்டு 22 தரவுத்தளங்களைப் படியெடுத்தனர். வீட்டுக்காரனின் கூடையிலேயே வீட்டுக்காரனின் நெல்லை அள்ளிச் சென்ற கதை இது. வெளியிலிருந்து புதுக்கருவி வந்தால் காவல் மென்பொருள் கூவும். உள்ளிருக்கும் கருவி, உரியவரின் பெயரால் வழக்கமான வேலையைச் செய்யும்போது எதைக் கண்டு அது கூவும்? நிறுவனங்கள் தடுமாறுவதற்கு இது முதற்காரணம்.

திறந்திருந்த ஒரு வாயில்

பகைவர் நுழைந்த வழி ஐயமின்றி நிறுவப்படவில்லை; அதனைக் காட்டும் தடயங்கள் அழிந்துவிட்டன. எனினும், வெளியிலிருந்து பணிபுரிவோருக்காக 2020 பிப்ரவரியில் அமைக்கப்பட்ட ஒரு சர்வரிலேயே அத்துமீறல் முதலில் காணப்பட்டது. அதிகாரம் மிக்க ஒருவரது நுழைவுச் சான்று களவுபோயிருக்கலாம் என்று அறிக்கை கருதுகிறது.

வங்கியில் பணம் அனுப்பும்போது கடவுச்சொல்லுக்கு மேலாகக் கைப்பேசியில் ஓர் எண் வருவதை நாம் அறிவோம். இவ்வாறான இரண்டாம் சான்று இருப்பின், களவாடிய கடவுச்சொல் மட்டும் பயன்தராது. நூலகம் 2020-இலேயே அம்முறையைப் பல இடங்களில் கொண்டுவந்தது. ஆனால் அந்த ஒரு வாயிலுக்கு மட்டும் விலக்கு அளித்தது. நடைமுறை வசதி, செலவு, நடந்துகொண்டிருந்த பிற திட்டங்களுக்கு நேரும் இடையூறு என்பனவே காரணம். அதிலுள்ள இடர் அறியப்படாமல் இல்லை, முன்னரே சுட்டப்பட்டிருந்தது. விளைவின் முழு அளவு உணரப்படவில்லை என்பதே குறை. வெளியார் பலர் வலையமைப்புக்குள் பணிபுரிவதால் வரும் இடர் 2022-இன் பிற்பகுதியில் பதிவேட்டில் ஏறியது. அதனை ஆராய்வதற்குக் குறிக்கப்பட்ட ஆண்டு 2024. பகைவர் 2023-இல் வந்துவிட்டனர்.

இங்கே ஒரு பேருண்மை விளங்குகிறது. காப்பவன் ஆயிரம் வாயில்களையும் எல்லா நாளும் காக்க வேண்டும். கவர்பவனுக்கு ஒரு வாயில் ஓர் இரவு திறந்திருந்தால் போதும். காக்கும் இடம் சிறிதாதல் வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த இலக்கணம் இதனால் பொருள் பெறுகிறது. இன்றைய நிறுவனங்களோ நாள்தோறும் வாயில்களைக் கூட்டிக்கொண்டே செல்கின்றன. புதிய செயலி, புதிய ஒப்பந்தக்காரர், வீட்டிலிருந்து வேலை என ஒவ்வொன்றும் ஒரு கதவு. திறக்கப்பட்ட கதவை மூடுவது யார் பொறுப்பு என்று எழுதிவைப்போர் சிலரே.

பழைமை எனும் சுமை

தமிழ்த்துறையினராகிய நாம் பழைமையைப் போற்றுவோர். ஓலைச்சுவடி பழையதாக ஆக மதிப்பு ஏறும். கணிப்பொறி அமைப்பில் நிலைமை இதற்கு நேர்மாறு. பழைய மென்பொருளை ஆக்கியோர் ஒருநாள் அதனைக் கைவிட்டுவிடுவர். அதன் ஓட்டைகளை அடைப்பார் இரார்.

பிரிட்டிஷ் நூலகத்தின் வலையமைப்பு பல்லாண்டுகளாகச் சிறிது சிறிதாக வளர்ந்து சிக்கலுற்ற ஒன்று. நாட்டின் இணையப் பாதுகாப்புத் தரச்சான்றினை அது 2019-இல் பெற்றிருந்தது. 2022-இல் தரவிதிகள் கடுமையானபோது, பழைய அமைப்புகள் சிலவற்றை மாற்றும்வரை அத்தகுதியைத் தக்கவைக்க இயலாமற் போயிற்று. தாக்குதலுக்குப் பின்னர் இப்பழைமை இரண்டாம் முறையும் வருத்தியது. இலக்கமுறைச் சேகரங்களின் படிகள் பாதுகாப்பாகவே இருந்தன. ஆனால் அவற்றை மீண்டும் ஏற்றி இயக்குவதற்கு ஏற்ற சர்வர்கள் இல்லை. பழைய மென்பொருள்கள் பல, புதிய பொறிகளில் இயங்கும் தன்மையன அல்ல. விதைநெல் குதிரில் இருக்கிறது. விதைக்க வயல் இல்லை என்னும் நிலை அது.

இதன் வேர் பணப்பற்றாக்குறை மட்டும் எனல் பொருந்தாது. நிறுவனங்களின் மனப்போக்கே பெரிதும் காரணம். புதிய கணிப்பொறிக் கூடத்திற்குத் திறப்புவிழா உண்டு, கல்வெட்டு உண்டு, நிழற்படம் உண்டு. பழைய சர்வரை மாற்றியதற்கு யாரும் மாலை அணிவிப்பதில்லை. அதனால் பராமரிப்பு அடுத்த ஆண்டுக்கும், அதற்கடுத்த ஆண்டுக்கும் தள்ளிவைக்கப்படுகிறது.

நம்பிக்கை வழியாக வரும் பகை

மூவேந்தரும் முற்றியும் பறம்பை வலிமையால் கொள்ள இயலவில்லை. வஞ்சனையாலேயே பாரி வீழ்ந்தான் என்பது இலக்கிய மரபு. உள்ளே விடத்தக்கவர் என்று நம்பப்பட்டவர் வழியாகப் பகை வருவதை 2020-ஆம் ஆண்டு உலகம் கண்டது. அமெரிக்காவின் சோலார்விண்ட்ஸ் நிறுவனம் ஓரியன் எனும் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளை விற்றுவந்தது. அதன் ஆக்கக் கூடத்திற்குள்ளேயே ஊடுருவியோர், வாடிக்கையாளருக்கு அனுப்பப்படும் புதுப்பிப்பில் நஞ்சைக் கலந்துவிட்டனர். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர் அதனைப் பெற்றனர். புதுப்பிப்பை உடனுக்குடன் ஏற்றுக என்பது பாதுகாப்பு நூல்களின் முதல் அறிவுரை. அவ்வறிவுரையைப் பின்பற்றியோரே இம்முறை அகப்பட்டனர்.

இக்களவு வெளிப்பட்ட விதம் நம் கருத்துக்கு அரண் செய்கிறது. ஃபயர்ஐ எனும் பாதுகாப்பு நிறுவனத்தில் பணியாளர் ஒருவரின் பெயரில் இரண்டாவது கைப்பேசி ஒன்று பதிவாகியிருந்ததை அங்குள்ளோர் கவனித்தனர். அப்பணியாளரை அழைத்து, இது உம்முடையதா என்று கேட்டனர், இல்லை என்றார். அந்த ஒரு வினாவிலிருந்தே பலமாதக் களவின் முடிச்சு 2020 டிசம்பரில் அவிழ்ந்தது.

காலமும் பகைவர் படைக்கலமே. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலர் கவர முயன்றோர், வியாழன் இரவைத் தேர்ந்தனர். வெள்ளி டாக்காவில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை. திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குச் சென்றது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மட்டும், பெறுவோர் பெயரில் இருந்த ஓர் எழுத்துப்பிழையை வங்கியினர் கண்டு வினவியதால் தடுக்கப்பட்டது. எழுத்துப்பிழை திருத்துவதே தொழிலாக வாழும் நமக்கு இச்செய்தி ஆறுதல் தரலாம்.

மறைத்தலின் தீங்கு

நிறுவனங்கள் தடுமாறுவதற்கு மற்றுமொரு காரணம் நாணம். களவு போனதைச் சொன்னால் பெயர் கெடும் என அஞ்சி மறைப்பர். மறைப்பதால் அடுத்த நிறுவனம் அதே குழியில் விழுகிறது. ஐயத்திற்குரிய மின்னஞ்சலைத் திறந்துவிட்ட எழுத்தர், ஏச்சுக்கு அஞ்சி வாய்திறவாமல் இருப்பதும் இவ்வகையே. அவர் உடனே கூறியிருந்தால் ஒரு கணிப்பொறியோடு போயிருக்கும். கூறாததால் நிறுவனம் முழுதும் பற்றிக்கொள்கிறது.

பிரிட்டிஷ் நூலகம் இதில் நல்வழி காட்டியது. தன் குறைகளைத் தானே எழுதி, 16 படிப்பினைகளையும் சேர்த்து உலகறிய வெளியிட்டது. இக்கட்டுரையில் கூறிய செய்திகளிற் பல அவ்வறிக்கையால் அறிய வந்தவையே. நம் நாட்டிலும், இத்தகைய நிகழ்ச்சிகளை 6 மணிநேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும் என்று நடுவண் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் நெறி வகுத்தது. அதே ஆண்டு நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்க, ஏறத்தாழ இரு வாரம் நோயாளர் பணிகள் கையெழுத்தால் நடைபெற்றன. ஆதலின் இது சீமையில் மட்டும் நிகழ்வது என்று நாம் வாளாவிருத்தல் இயலாது.

நமக்குரிய கடமை

கல்லூரி ஒன்றில் நான் கண்ட காட்சி நினைவுக்கு வருகிறது. அலுவலகக் கணிப்பொறியின் விளிம்பில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. அதில் இருந்தது கடவுச்சொல். நால்வர் பயன்படுத்துவதால் மறந்துபோகாதிருக்க எழுதிவைத்தோம் என்றனர். பணி ஓய்வு பெற்றுச் சென்றவரின் பெயரிலேயே அக்கணக்கும் இயங்கிக்கொண்டிருந்தது. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நானும் என் பங்கிற்கு ஆறாண்டுகளுக்கு முந்திய மாணவர் பட்டியல்களை, தொலைபேசி எண்களுடன், தேவையின்றி என் பேனாச்செருகியில் சுமந்து திரிந்தவன்தான்.

ஒரு மாணவி சேர்க்கைக்கு வரும்போது ஆதார் எண், சாதிச் சான்று, தந்தையின் வருமானம், வங்கிக் கணக்கு, புகைப்படம் அனைத்தையும் நம்மிடம் தருகிறாள். மாதரியிடம் கண்ணகியை ஒப்படைத்த இடத்திற்கு இளங்கோவடிகள் அடைக்கலக் காதை என்று பெயரிட்டார். சேர்க்கைப் படிவமும் ஓர் அடைக்கலமே. வெளியே சிந்திய விவரத்தை மீண்டும் அள்ளுதல் இயலாது. கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த நாளை மாற்ற முடியாது.

செய்யத்தக்கவை சிலவே, அரியனவும் அல்ல. நம்மிடம் என்னென்ன விவரங்கள், எந்தெந்தப் பொறியில் உள்ளன என்று பட்டியலிடுதல் வேண்டும். தேவை முடிந்தவற்றை நீக்குதல் வேண்டும். இல்லாத பொருளை எவரும் களவாட இயலாது. பணி விட்டுச் சென்றோரின் கணக்கை அன்றே மூடுதல் வேண்டும். இரண்டாம் சான்று முறையை விலக்கின்றி எல்லா வாயிலுக்கும் கொணர்தல் வேண்டும். முதல்வருக்கும் செயலருக்கும்கூட விலக்கு ஆகாது. பேக்கப் படி ஒன்றை வலையமைப்போடு இணையாத இடத்தில் வைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அப்படியிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத படி இருந்தும் இல்லாததே. தவறு செய்தவர் அச்சமின்றி வந்து கூறும் சூழல் வேண்டும். இவற்றோடு, நிர்வாகப் பெரியோர்கள் ஆண்டுதோறும் வரவு-செலவுத் திட்டத்தில் பராமரிப்புக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்குதல் வேண்டும் எனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

முடிவுரை

பகைவரின் திறம் பெரிதே. எனினும் நாம் கண்ட சான்றுகளில் அரண் வீழ்ந்தது பெரும்பாலும் அத்திறத்தின் முன் அன்று. விலக்களித்த ஒரு வாயிலிலும், தள்ளிவைத்த ஒரு சீரமைப்பிலும், கேளாது விட்ட ஒரு கேள்வியிலுமே அது வீழ்ந்தது. அரண் காத்ததும் கருவியால் மட்டும் அன்று. இது உம்முடையதா என்று கேட்ட ஊழியரும், பெயரில் இருந்த பிழையைக் கண்டு நிறுத்திய வங்கியினரும், பட்டியல் முடங்கியபோதும் வாசகர்க்குத் துணைநின்ற நூலகப் பணியாளரும் காத்தனர். அரண் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மதிலை விடுத்து மனிதரை நோக்கியதன் கருத்து இதுவேயாம்.

வகுப்பறையை விட்டு நாளை அலுவலகங்களுக்குச் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்கள், தம் முன் உள்ள திரைக்குப் பின்னே எத்தனை குடும்பங்களின் அடைக்கலப் பொருள் இருக்கிறது என்பதை நாள்தோறும் ஒரு கணம் எண்ணிப் பணிதொடங்குவார்களாக.